செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பில் லினக்ஸ்: காசு கொடுக்கும் முன் கடையில் என்ன பார்க்க வேண்டும்?

குடியாத்தம் டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். குடியாத்தத்தில் வீட்டு மாடியில் பிள்ளைகளுக்கு கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கிறேன். டெஸ்க்டாப்புகள் கரண்ட் போனால் படுத்துவிடுகின்றன, யுபிஎஸ் பேட்டரி மாற்றிக் கட்டுப்படியாகவில்லை, அதனால் பழைய லேப்டாப் ஐந்து வாங்கி லினக்ஸ் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். லிப்ரே ஆபீஸ், பைத்தான், தமிழ்99 தட்டச்சு, கொஞ்சம் இன்டர்நெட், அவ்வளவுதான் தேவை. ஒன்றுக்கு 15,000 ரூபாய்க்கு மேல் என்னால் முடியாது.

வேலூரில் விசாரித்தேன். கடைக்காரர் "லினக்ஸ் எல்லாத்துலயும் ஓடும் மேடம், எதை வேணா எடுங்க" என்கிறார். தங்கை வீட்டுக்காரர் சென்னையில் கம்பெனியில் இருக்கிறார், அவரைக் கேட்டால் "வைஃபை வராது, சவுண்டு வராது, உங்களுக்கு எதுக்கு வேண்டாத வேலை" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? காட்பாடியில் படிப்பை முடித்துவிட்டு ஊருக்குப் போகும் ஒரு பையன் கேமிங் லேப்டாப் ஒன்றுக்கும் விலை சொல்லியிருக்கிறான், என்விடியா கார்டு உள்ளது. அதை எடுக்கலாமா?

காட்பாடி ஜங்ஷன்

டீச்சர், உங்கள் தங்கை வீட்டுக்காரர் சொன்னது ஒரு காலத்தில் சரியாக இருந்தது. வைஃபை சிப்புக்கு, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில், அதை இயக்கும் டிரைவர் இருந்தால் மட்டும் போதாது, சிப்புக்குள் ஏற்றுவதற்கு ஃபர்ம்வேர் என்று ஒரு சின்னக் கோப்பும் வேண்டும். அது கட்டற்ற மென்பொருள் இல்லை என்பதால் டெபியன் என்ற லினக்ஸ் வகையை உருவாக்குபவர்கள் தங்கள் இன்ஸ்டால் கோப்பான ஐஎஸ்ஓவில் அதை வைக்காமல் இருந்தார்கள். இன்டர்நெட் வர ஃபர்ம்வேர் வேண்டும், ஃபர்ம்வேரை இறக்க இன்டர்நெட் வேண்டும், இந்தக் கூத்தில் வெறுத்துப்போய் விண்டோஸுக்கே திரும்பியவர்கள் நிறைய பேர். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேரை ஐஎஸ்ஓவிலேயே சேர்த்துவிட்டார்கள். உபுண்டு, மின்ட் என்ற மற்ற இரண்டு லினக்ஸ் வகைகளிலும் பெரும்பாலானவை முன்பே இருந்தன.

கடைக்காரர் சொல்வதும் முழுசாகச் சரியில்லை. ஒரே மாடல் பெயரில் ஒரு லாட்டில் இன்டெல் வைஃபை இருக்கும், அடுத்த லாட்டில் ரியல்டெக் இருக்கும், வெளியே ஸ்டிக்கரில் ஒன்றும் தெரியாது. அதனால் "இந்த மாடலில் லினக்ஸ் ஓடுமா" என்று யூட்யூபில் தேடிவிட்டு வாங்கப் போகாதீர்கள். உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு மெஷினுக்குள் என்ன சிப் இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

உங்கள் பட்ஜெட்டுக்கு நான் சொல்வது, கம்பெனிகள் கழித்துவிட்ட ஆபீஸ் மாடல்கள். திங்க்பேட் டி வரிசை, டெல் லாட்டிட்யூட், எச்பி எலைட்புக். இவற்றில் பல மாடல்களை உபுண்டுவை வெளியிடும் கனானிக்கல் நிறுவனம் அதற்காகச் சோதித்து சான்றளித்திருக்கிறது, அந்தப் பட்டியல் அவர்கள் தளத்திலேயே இருக்கிறது. இன்னொரு நல்ல காலம், விண்டோஸ் 11க்கு இன்டெல் 8ஆம் தலைமுறையாவது வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் கோடு போட்டுவிட்டது, 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கும் சப்போர்ட் முடிந்தது. 6ஆம், 7ஆம் தலைமுறை மெஷின்களை இப்போது கடைக்காரர்கள் தள்ளிவிடத்தான் பார்க்கிறார்கள். லினக்ஸுக்கு அந்த இரண்டு தலைமுறையும் ரொம்ப சாது. 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி இருந்தால் உங்கள் வகுப்புக்குத் தாராளம். பேரம் பேசுங்கள்.

பாலாறு பையன்

கேமிங் லேப்டாப் வேண்டாம் மேடம். நான் ஹாஸ்டலில் ஒன்று வைத்திருக்கிறேன். கோடையில் ஃபேன் சத்தத்தில் பக்கத்து பெட்காரன் தூங்கவே மாட்டான். விலையைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள்.

கோட்டை அகழி

காரணத்தைச் சொல் தம்பி, சும்மா வேண்டாம் என்றால் எப்படி.

என்விடியா போட்ட லேப்டாப்பில் கிராஃபிக்ஸ் இரண்டு இருக்கும். ஒன்று ப்ராசஸருக்குள்ளேயே இருப்பது, இன்னொன்று என்விடியா. லேப்டாப் திரை பெரும்பாலும் முதலாவதோடு இணைந்திருக்கும், அதனால் போட்டவுடன் எல்லாம் நன்றாக ஓடுகிற மாதிரிதான் தெரியும். ஆனால் நிறைய கேமிங் மாடல்களில் எச்டிஎம்ஐ போர்ட் என்விடியா பக்கம் போயிருக்கும், அதற்கான டிரைவர் சரியாக உட்காராவிட்டால் நீங்கள் ப்ரொஜெக்டர் மாட்டும்போது படமே வராது. கட்டற்ற டிரைவரான நூவோ இருக்கிறது, ஆனால் பல வருஷத்து கார்டுகளில் அதன் வேகத்தை ஏற்றவே முடியாது, கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் இல்லாமல் கார்டு ஒத்துக்கொள்ளாது. என்விடியாவின் சொந்த டிரைவரைப் போட்டால் கெர்னல் மாறும் ஒவ்வொரு தடவையும் அது மறுபடி கட்டப்பட வேண்டும். 2012ல் பின்லாந்தில் ஆல்டோ பல்கலைக்கழக மேடையில் லினஸ் டோர்வால்ட்ஸ் கேமராவைப் பார்த்து விரலைக் காட்டியது இந்தக் கம்பெனியைத்தான்.

இப்போது நிலைமை மாறிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 2022 மே மாதம் கெர்னல் பக்கத்து மாட்யூல்களைத் திறந்துவிட்டார்கள், ட்யூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பிறகு வந்தவற்றுக்கும். அதாவது ஜிடிஎக்ஸ் 1650 போன்றவை தப்பித்தன. அதற்கு முந்தைய மேக்ஸ்வெல், பாஸ்கல் கார்டுகளுக்கு 580 வரிசை டிரைவர்தான் கடைசி. 940எம்எக்ஸ், எம்எக்ஸ்150, ஜிடிஎக்ஸ் 1050 எல்லாம் அந்தப் பழைய கூட்டம். பழைய மார்க்கெட்டில் கிடைப்பவற்றில் பாதி இவைதான். பிள்ளைகள் பைத்தான் எழுத இதெல்லாம் எதற்கு?

பாலாறு பையன்

அண்ணா சொன்னதோடு பேட்டரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என்விடியா கார்டு சும்மா இருக்கும்போது அணையாவிட்டால் கரண்ட் போன நேரத்தில் ஒரு மணி நேரம் தாங்குவதே பெரிது. கரண்ட் போனாலும் ஓடணும் என்றுதானே லேப்டாப்புக்கு வருகிறீர்கள்.

டெர்மினல் தாத்தா

அம்மா, நான் வடார்க்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்து ஆள், நிதானமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு 16 ஜிபி பென் டிரைவ் எடுத்து வென்டாய் போடுங்கள். அதற்குள் ஐஎஸ்ஓ கோப்புகளை அப்படியே நகலெடுத்துப் போட்டால் போதும், பூட் ஆகும்போது எது வேண்டும் என்று கேட்கும். மின்ட் 22 வரிசையில் ஒன்று, டெபியன் 13 லைவ் ஒன்று, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஒன்று. இதோடு ஒரு ஹெட்ஃபோன், ஒரு எச்டிஎம்ஐ கேபிள். பழைய உபுண்டு 18.04 டிவிடியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், அதன் கெர்னல் 4.15, பிறகு வந்த பாதி வைஃபை சிப்புகளை அதற்குத் தெரியவே தெரியாது.

கடைக்குப் போனதும் முதல் வேலை பயாஸ், அதாவது மெஷின் தொடங்கும்போது ஒரு விசையை அழுத்தி உள்ளே போகும் அமைப்புத் திரை. திங்க்பேடில் எஃப்1, டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10. கம்பெனியில் இருந்து கழித்த மெஷின்களில் அட்மின் பாஸ்வேர்டு போட்டபடியே மார்க்கெட்டுக்கு வந்துவிடுவது உண்டு. பாஸ்வேர்டு கேட்டால் அங்கேயே நகர்ந்துவிடுங்கள். "எடுத்துடலாம் மேடம், பையன் வருவான்" என்று சொல்வார்கள். பையன் வந்து எடுத்துக் காட்டட்டும், பிறகு காசு கொடுக்கலாம்.

அடுத்து பென் டிரைவில் இருந்து பூட் செய்து லைவ் சிஸ்டத்துக்குள் போய்விடுங்கள், இன்ஸ்டால் ஒன்றும் செய்ய வேண்டாம். உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்து ஒரு வீடியோ ஓட்டுங்கள், வைஃபையும் ஸ்பீக்கரும் ஒரே அடியில் தெரிந்துவிடும். ஸ்பீக்கரில் சத்தம் வந்தால் போதாது, ஹெட்ஃபோன் மாட்டினால் சத்தம் அதற்கு மாறுகிறதா, கழற்றினால் திரும்புகிறதா என்று பாருங்கள். மைக்கில் பேசிப் பதிவு செய்து கேளுங்கள். வெளிச்சம் கூட்டும் குறைக்கும் விசைகள், டச்பேடில் இரண்டு விரல் நகர்த்தல், வெப்கேம், எல்லா யுஎஸ்பி ஓட்டையும், எச்டிஎம்ஐ வழியாகக் கடை மானிட்டர். கீபோர்டில் ஒவ்வொரு விசையாக. ழ வரும் விசை வேலை செய்யாவிட்டால் உங்கள் தட்டச்சு வகுப்பு என்ன ஆவது?

பிறகு டெர்மினலைத் திறந்து எல்எஸ்பிசிஐ என்ற கட்டளையை என், என், கே என்ற மூன்று எழுத்து விருப்பங்களோடு அடித்தால் உள்ளே உள்ள சாதனங்கள் எல்லாம் வரிசையாக வரும், ஒவ்வொன்றின் கீழும் எந்த டிரைவர் பிடித்திருக்கிறது என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி இல்லாத சாதனம் அனாதையாக நிற்கிறது என்று அர்த்தம். போனில் படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறோம்.

பேட்டரிக்கு யுபவர் என்ற கட்டளை இருக்கிறது. தயாரித்தபோது இருந்த கொள்ளளவு, இப்போது நிரம்பினால் வரும் கொள்ளளவு, இரண்டையும் தனித்தனியாகக் காட்டும். பாதிக்குக் கீழே போயிருந்தால் பேட்டரி விலையைக் கழித்துத்தான் பேச வேண்டும். கடைக்காரர் "ரெண்டு மணி நேரம் நிக்கும்" என்று சொன்னால் சிரித்துக்கொண்டே அந்தத் திரையை அவர் பக்கம் திருப்புங்கள்.

கோட்டை அகழி

தாத்தா சொன்னதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, மன்னிக்கவும். தூக்கம். மூடியை மூடித் திறக்கும் சோதனையைச் சொல்லவே இல்லையே. வைஃபை வராவிட்டால் அன்றைக்கே தெரிந்துவிடும், தூக்கக் கோளாறு வாங்கி வந்து ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும். எனக்குத் தெரிந்த ஒருவர் புது லேப்டாப்பை மூடிப் பையில் போட்டுக்கொண்டு சென்னையில் பஸ் ஏறி, பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் பையைத் தொட்டால் உள்ளே தோசைக்கல். பேட்டரி சுத்தமாகக் காலி.

காரணம் இது. பழைய முறையில் மூடியை மூடினால் ராம் தவிர எல்லாவற்றுக்கும் மின்சாரம் நிற்கும், அதற்கு எஸ்3 என்று பெயர். புதிய முறையில் மெஷின் போன் மாதிரி அரைத்தூக்கத்தில் இருக்கும். விண்டோஸுக்காக வந்த ஏற்பாடு. இன்டெல் 11ஆம் தலைமுறை வந்த காலத்தில் இருந்து பல மாடல்கள் எஸ்3ஐயே விட்டுவிட்டன. அரைத்தூக்கம் ஒழுங்காக வேலை செய்ய உள்ளே இருக்கும் ஒவ்வொரு சாதனமும் தன் டிரைவர் வழியாக அடங்க வேண்டும், ஒன்று அடங்காவிட்டாலும் ப்ராசஸர் ஆழமாகத் தூங்காது. நம் ஊர் மே மாத வெயிலில் அது பைக்குள் விழித்துக்கொண்டு கிடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சிஸ் என்ற ஃபோல்டருக்குள் பவர், அதற்குள் மெம் ஸ்லீப் என்று ஒரு கோப்பு. அதைத் திறந்தால் டீப் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் எஸ்3 இருக்கிறது. சில திங்க்பேடுகளில் பயாஸிலேயே ஸ்லீப் ஸ்டேட் என்று ஒரு இடத்தில் விண்டோஸ் 10 அல்லது லினக்ஸ் என்று தேர்வு செய்யலாம். 6ஆம், 7ஆம் தலைமுறை ஆபீஸ் மாடல்களில் பெரும்பாலும் இந்தத் தலைவலி கிடையாது. பழசாக வாங்குவதில் இருக்கும் லாபம் இதுதான் என்பேன், விலை கூட இரண்டாவதுதான்.

டெர்மினல் தாத்தா

அகழி தம்பி, சேர்த்துக்கொண்டேன். மூடியை மூடி, கடைக்காரரோடு ஒரு டீ குடித்துவிட்டு வந்து திறக்கவும். வைஃபை திரும்பச் சேர்கிறதா, டச்பேட் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கவும். டீக்கு காசு நீங்கள் கொடுக்காதீர்கள் அம்மா.

வாலாஜா ரோடு

இழை நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும், புது இழை போட்டால் யாரும் பதில் சொல்வதில்லை. என்னுடையது புது லேப்டாப், பெயர் வேண்டாம், இன்டெல் 11ஆம் தலைமுறை. உபுண்டு இன்ஸ்டாலர் எல்லாம் ஓடுகிறது, ஆனால் டிஸ்க்கே இல்லை என்கிறது. விண்டோஸ் அதே டிஸ்க்கில் நன்றாக ஓடுகிறது. எஸ்எஸ்டி லினக்ஸுக்கு ஒத்துவராத வகையா?

காட்பாடி ஜங்ஷன்

எஸ்எஸ்டி மேல் பழி போடாதீர்கள். பயாஸில் டிஸ்க் கன்ட்ரோலரை விஎம்டி அல்லது ஆர்எஸ்டி என்ற பயன்முறையில் வைத்து அனுப்பியிருப்பார்கள். அப்போது டிஸ்க் நேராகத் தெரியாமல் இன்டெல்லின் ஒரு அடுக்குக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அதை ஏஎச்சிஐ என்று மாற்றினால் அல்லது விஎம்டியை அணைத்தால் இன்ஸ்டாலருக்குத் தெரியும். சில பிராண்டுகளில் அந்த வரியே மறைந்திருக்கும், ஏசரில் பயாஸின் மெயின் பக்கத்தில் கன்ட்ரோல், எஸ் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் வெளியே வரும்.

ஆனால் நேராகப் போய் மாற்றிவிடாதீர்கள்! மாற்றினால் விண்டோஸ் நீலத்திரை காட்டும். முதலில் விண்டோஸுக்குள் சேஃப் மோடில் பூட் ஆகும்படி வைத்து, ரீஸ்டார்ட் செய்யும்போது பயாஸில் மாற்றி, சேஃப் மோடுக்குள் ஒரு தடவை போய் வந்த பிறகு அந்த அமைப்பை எடுத்துவிட வேண்டும். பிட்லாக்கர் என்ற விண்டோஸின் டிஸ்க் பூட்டு போட்டிருந்தால் அதன் ரெக்கவரி கீயை முன்பே காகிதத்தில் எழுதி வையுங்கள், போனில் ஸ்கிரீன்ஷாட் வேண்டாம்.

வாலாஜா ரோடு

வந்துவிட்டது அண்ணா, டிஸ்க் தெரிகிறது! இப்போது சவுண்டு இல்லை. டம்மி அவுட்புட் என்று காட்டுகிறது. கெர்னல் பழசா?

காட்பாடி ஜங்ஷன்

எந்த ஐஎஸ்ஓ போட்டீர்கள் என்று சொல்லவில்லை. 2019, 2020 முதல் வந்த பல இன்டெல் லேப்டாப்புகளில் திரைக்கு மேல் இரண்டு மூன்று டிஜிட்டல் மைக் வைத்தார்கள், அவை ஒலியைக் கையாளும் டிஎஸ்பி என்ற பகுதி வழியாகத்தான் வரும். அதற்கு சவுண்ட் ஓபன் ஃபர்ம்வேர் என்ற தொகுப்பு வேண்டும், உபுண்டுவில் ஃபர்ம்வேர் சாஃப் சைன்ட் என்ற பெயரில் இருக்கும். அதைப் போட்டு ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். ஸ்பீக்கர் மட்டும் வந்தால் போதும் என்றால் கெர்னலை எச்டிஏ என்ற பழைய சவுண்டு டிரைவரையே பிடிக்கச் சொல்ல ஒரு விருப்பம் இருக்கிறது, ஆனால் உள்மைக் போய்விடும், ஆன்லைன் வகுப்பில் வாய் மட்டும் அசையும்.

டீச்சருக்கு இந்தத் தொல்லை இருக்காது, அவர் பார்க்கும் தலைமுறையில் சவுண்டு சாதா எச்டிஏ. வெப்கேமும் அப்படித்தான். பழைய மெஷின்களில் உள்ளே இருக்கும் கேமரா யுஎஸ்பி வழியாக வேலை செய்யும், எல்லா லினக்ஸுக்கும் தெரியும். 12ஆம் தலைமுறை விலையுயர்ந்த மெல்லிய மாடல்கள் சிலவற்றில் ஐபியு6 என்ற வழியாக இணைத்திருக்கிறார்கள், அதில் கேமரா வர வைப்பது தனிக் கதை, இங்கே வேண்டாம்.

ஆரணிக்காரி

ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் என்ற முறையில் டீச்சருக்கு ஒன்று. லேப்டாப்பை மட்டும் பார்த்துவிட்டு பிரிண்டரை மறந்துவிடாதீர்கள். நம் பக்கத்தில் எந்தக் கடைக்குப் போனாலும் கேனான் எல்பிபி 2900தான் நிற்கிறது. கேப்ட் என்று கேனானுக்கே உரிய ஒரு முறையில்தான் அது பேசும், பொதுவான பிரிண்டர் மொழி எதுவும் அதற்குத் தெரியாது. லினக்ஸுக்கு கேனான் கொடுத்த டிரைவர் பழைய காலத்தது, ஆர்வலர்கள் தாங்களே துப்பறிந்து எழுதிய இன்னொரு டிரைவரும் இருக்கிறது, இரண்டுக்குமே பொறுமை வேண்டும். எச்பி லேசர் என்றால் எச்பிலிப் என்ற தொகுப்பு இருக்கிறது, பெரும்பாலும் தானே பிடித்துக்கொள்ளும். நெட்வொர்க் வழியாக டிரைவர் இல்லாமல் அச்சிடும் புதிய பிரிண்டர்கள் அதைவிட நிம்மதி.

பாலாறு பையன்

என் அக்காவுக்கு பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப் இன்னும் வீட்டில் இருக்கிறது. அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? யாரும் அதைத் திறந்ததே இல்லை. இப்போது எஸ்எஸ்டி மாட்டி மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டேன், நன்றாகவே ஓடுகிறது. டீச்சர் வகுப்புப் பிள்ளைகள் வீட்டிலேயே இப்படி ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும், கேட்டுப் பாருங்கள்.

டெர்மினல் தாத்தா

பாஸ் நம் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது, டெபியன் அடிப்படை. 2011ல் அந்தத் திட்டம் தொடங்கியபோது எத்தனை லட்சம் வீடுகளுக்குள் லினக்ஸ் போனது, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் போனது. எனக்கு அதில் தீராத வருத்தம். சரி, அது இழைக்கு வெளியே. அந்தக் காலத்து மெஷினுக்கு டெபியன் போடுவதாக இருந்தால் ப்ராசஸர் 64 பிட்டா என்று பார்த்துக்கொள்ளவும், டெபியன் 13ல் 32 பிட் மெஷின்களுக்கு இன்ஸ்டாலர் கிடையாது.

குடியாத்தம் டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. பென் டிரைவோடு போய் வந்தேன். கடைக்காரர் முதலில் முறைத்தார், அப்புறம் அவரே பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஒன்றில் பயாஸ் பாஸ்வேர்டு கேட்டது, தாத்தா சொன்னபடியே "பையன் வருவான்" என்றார்! இன்னொன்றில் பேட்டரி பாதிக்கும் கீழ். 7ஆம் தலைமுறையில் ஒரு மாடல் நன்றாக இருக்கிறது, அதே மாடலில் ஐந்து தருகிறேன் என்கிறார். நான்கில் வைஃபை உடனே வந்தது, அவற்றில் இன்டெல் 8265 என்று இருக்கிறது. ஒன்றில் மட்டும் வேறு கார்டு, யாரோ மாற்றியிருக்கிறார்கள் போல. சிக்னல் பக்கத்தில் வைத்தால் வருகிறது, நாலடி தள்ளினால் போய்விடுகிறது. கைரேகை வைக்கும் இடமும் இருக்கிறது, அது வேலை செய்யவில்லை. வாங்கலாமா?

காட்பாடி ஜங்ஷன்

தாராளமாக வாங்கலாம். கைரேகையை மறந்துவிடுங்கள். லினக்ஸில் அதற்கு லிப்எஃப்பிரின்ட் என்ற நூலகம் இருக்கிறது, ஆனால் அது ஏற்கும் சாதனங்களின் பட்டியலில் அந்தக் காலத்து ஆபீஸ் மாடல்களின் சென்சார்கள் நிறைய இல்லை. திங்க்பேட் டி480ல் இருப்பதற்குக்கூட வெளியாட்கள் எழுதிய டிரைவரைத் தேடிப் போக வேண்டும். பத்து பிள்ளைகள் மாறி மாறி உட்காரும் மெஷினுக்கு கைரேகை எதற்கு?

சிக்னல் விழுவது டிரைவர் கோளாறாக இல்லாமலும் இருக்கலாம். அடிமூடியைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். கார்டில் இரண்டு குட்டி ஆன்டெனா ஒயர் மாட்டியிருக்க வேண்டும், மாற்றியவர் ஒன்றை மாட்டாமல் விட்டிருப்பார். இரண்டும் மாட்டியிருந்தால் கார்டின் பெயரைப் பாருங்கள். 8723பிஇ என்ற ரியல்டெக் கார்டு வந்த பழைய மலிவு மாடல்களில் ஒரே ஒரு ஆன்டெனா, டிரைவர் ஒயர் இல்லாத பக்கத்தைத் தேர்ந்தெடுத்துவிடும், எந்த ஆன்டெனா என்று ஒரு வரியில் சொல்லிவிட்டால் சிக்னல் நிமிர்ந்துவிடும். 8821சிஇ என்றால் கெர்னல் 5.9 முதல் டிரைவர் உள்ளேயே வந்துவிட்டது, 8852பிஇ என்றால் 6.2 முதல். மின்ட் 22 கெர்னல் 6.8 என்பதால் இரண்டுமே பிடிக்கும். பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு கிட்ஹப்பில் இருந்து டிரைவர் இறக்கிக் கட்டாதீர்கள், இப்போது அது தேவையில்லை, அடுத்த கெர்னல் அப்டேட்டில் உடையும்.

எதுவும் சரிவராவிட்டால் கார்டையே மாற்றிவிடலாம், ஒரு ஸ்க்ரூதான். ஆனால் இன்டெல் ஏஎக்ஸ்200 அல்லது ஏஎக்ஸ்210 என்று கேட்டு வாங்குங்கள். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 என்று ஒற்றைப்படையில் முடிபவை பார்க்க அப்படியே இருக்கும், ஆனால் பாதி வேலையை ப்ராசஸர் பக்கத்துக்கு விட்டுவிடும் வகை, உங்கள் 7ஆம் தலைமுறையில் வேலை செய்யாது. ஏஎம்டி மெஷினிலும் செய்யாது. ஒரு எச்சரிக்கை, சில பழைய லெனோவா, எச்பி பயாஸ்கள் தங்கள் பட்டியலில் இல்லாத வைஃபை கார்டைப் பார்த்தால் பூட் ஆகவே மறுக்கும். அதனால் கடையிலேயே மாட்டிப் பாருங்கள், அல்லது மற்ற நான்கில் இருப்பதைப் போலவே இன்னொரு 8265 கேளுங்கள், அவரிடம் உடைந்த மதர்போர்டில் ஒன்றாவது கிடக்கும்.

கோட்டை அகழி

கடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்ஸ்டால் செய்ய வேண்டியிருந்து வைஃபை அடம்பிடித்தால், ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போடுங்கள். டிரைவர் ஒன்றும் கேட்காது, லினக்ஸ் அதை ஒயர் நெட்வொர்க்காக எடுத்துக்கொள்ளும். இது தெரியாமல் ரவுட்டரை இன்னொரு அறைக்குத் தூக்கிக்கொண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குடியாத்தம் டீச்சர்

ஒயர் ஒன்று தொங்கிக்கொண்டுதான் இருந்தது! மாட்டியதும் மாடிப்படி வரை சிக்னல் வருகிறது. ஐந்தையும் எடுத்துவிட்டேன். இன்னும் ஒரு கேள்விதான். வகுப்பில் நாள் முழுக்க சார்ஜரிலேயே இருக்கும், கரண்ட் போகும்போது மட்டும் பேட்டரி. இப்படி வைத்தால் பேட்டரி உப்பிவிடும் என்கிறார்கள், உண்மையா?

டெர்மினல் தாத்தா

எப்போதும் 100ல் நிறுத்தி, கூடவே சூட்டிலும் வைத்தால் லித்தியம் பேட்டரி சீக்கிரம் தேயும், உப்புவதும் நடக்கும். திங்க்பேட் என்றால் டிஎல்பி என்ற தொகுப்பைப் போட்டு 75க்குக் கீழே போனால் சார்ஜ் ஆரம்பி, 80ல் நிறுத்து என்று எழுதி வைக்கலாம், கெர்னலே அதை ஏற்றுக்கொள்ளும். டி470 மாதிரி உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று இரண்டு பேட்டரி இருந்தால் இரண்டுக்கும் தனியாக எழுத வேண்டும். லாட்டிட்யூட் என்றால் பயாஸில் பேட்டரி பகுதியில், பெரும்பாலும் சார்ஜரில் இருக்கும் மெஷின் என்று ஒரு தேர்வு இருக்கும், அதைப் போட்டுவிட்டால் எந்த லினக்ஸ் போட்டாலும் அப்படியே இருக்கும். எந்த மாடல் என்று எழுதுங்கள் அம்மா, டிஎல்பி கோப்பில் மாற்ற வேண்டிய வரிகளை அப்படியே தருகிறேன்.